வாசகர் மதிப்புரையை எவ்வளவு நம்பலாம்? புதிதாகப் புத்தகம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் தமிழ்ப் புத்தகங்களைப் புதிதாக வாங்கத் தொடங்கும் ஒருவர், பெரும்பாலும் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்காமலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைகளில் கிடைப்பவை போக, மற்றவற்றைச் சென்னையிலிருந்து தருவிக்க வேண்டும்; அல்லது ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குச் செல்லும் உறவினரிடம் பட்டியல் கொடுத்தனுப்ப வேண்டும். அஞ்சல் செலவு சில வேளைகளில் புத்தகத்தின் விலையையே தாண்டிவிடும். பிடிக்கவில்லையென்று திருப்பி அனுப்புவதும் எளிதன்று. ஆகவே, நாம் முன்பின் அறியாத வாசகர்கள் எழுதிவைத்த மதிப்புரைகளையே நம்பி வாங்குகிறோம். வட்டார நூலகம் ஒன்றில் கூடும் வாசிப்புக் குழுவில் பல ஆண்டுகளாகப் புதியவர்களோடு அமர்ந்து பேசியவன் என்ற முறையில், அந்த நம்பிக்கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதைப் படிப்படியாக விளக்க விரும்புகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. "இந்த மதிப்புரை உண்மையா, பொய்யா?" என்று கேட்பவர்களே அதிகம். நான் பார்த்த அளவில், வாசகரைத் தவறான புத்தகத்திடம் கொண்டுசேர்ப்பவை பொய்யான மதிப்புரைகள் அல்ல. முழு மனத்தோடு, நேர்மையாக எழுதப்பட்ட மதிப்புரைகளே. எழுதியவருடைய தேவையும் பயிற்சியும் வேறு, நம்முடையவை வேறு என்பதுதான் காரணம். எனவே, "இந்த வாசகரை எந்த விஷயத்தில் நம்பலாம்?" என்று கேட்கப் பழக வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடும் முறைகளே.

முதல் படி: உங்கள் தேவையை ஒரு வரியில் எழுதுங்கள்

மதிப்புரைகளைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். "தொடக்கநிலை 4-இல் படிக்கும் மகளுக்கு, உறங்கும் முன் நானே வாசித்துக் காட்ட ஒரு கதைப் புத்தகம்" என்பது ஒரு தேவை. "ரயிலில் வேலைக்குச் செல்லும் நாற்பது நிமிடத்தில் ஒன்றை முடிக்கக்கூடிய சிறுகதைகள்" என்பது இன்னொரு தேவை. "நல்ல தமிழ் நாவல்" என்பது தேவையே அன்று. அப்படித் தேடுபவர், எவர் உரக்கப் பாராட்டுகிறாரோ அவர் பின்னால் சென்றுவிடுவார்.

இரண்டாம் படி: மதிப்புரையை மூன்றாகப் பிரித்துப் படியுங்கள்

எந்த மதிப்புரையிலும் மூன்று வகை வாக்கியங்கள் கலந்திருக்கும். முதல் வகை, தகவல்: எத்தனை பக்கம், எழுத்து எவ்வளவு பொடியாக இருக்கிறது, அச்சுப் பிழைகள் உண்டா, மொழிபெயர்ப்பு மூலத்திலிருந்து நேராகச் செய்யப்பட்டதா அல்லது ஆங்கில வழியாக வந்ததா, கதை எந்த ஊரில் எந்தக் காலத்தில் நடக்கிறது என்பவை. இரண்டாம் வகை, அந்த வாசகருக்கு நேர்ந்த அனுபவம்: முதல் ஐம்பது பக்கம் நகரவில்லை, பாத்திரங்களின் பெயர்கள் குழம்பின, இறுதி அத்தியாயத்தில் அழுதுவிட்டேன் என்பவை. மூன்றாம் வகை, தீர்ப்பு: அருமை, சுமார், காலத்தை வென்ற படைப்பு, நேர விரயம் என்பவை.

தகவலை ஏறக்குறைய முழுமையாக நம்பலாம். இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே தகவலைச் சொன்னால் ஐயமின்றி நம்பலாம். அனுபவத்தை நம்புவதற்கு முன், அதை அடைந்தவர் யார் என்று விசாரிக்க வேண்டும். தீர்ப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் நம் கண் முதலில் தீர்ப்பில்தான் போய் நிற்கிறது. ஆகவே புதியவர்களிடம் நான் சொல்லும் பயிற்சி இதுதான்: ஒரு மதிப்புரையை எடுத்து, அதிலுள்ள தீர்ப்புச் சொற்களையெல்லாம் மனத்தால் அடித்துவிட்டு, எஞ்சியதைப் படித்துப் பாருங்கள். எதுவும் எஞ்சவில்லையென்றால் அந்த மதிப்புரை, எழுதியவர் மகிழ்ந்தார் என்பதற்கு மேல் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. "அனைவரும் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்" என்ற வாக்கியம் இந்தச் சோதனையில் ஒருபோதும் தேறாது. "ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்பதோ பாதி தேறும். கதை விரைவாக நகர்கிறது என்ற செய்தியாவது அதில் இருக்கிறது.

எதிர்மறையான மதிப்புரைகளை இதே முறையில் படித்தால் வியப்பான பயன் கிடைக்கும். "கதையே இல்லை, வெறும் வருணனை" என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தால், வருணனையில் தோய்ந்து வாசிக்க விரும்பும் ஒருவருக்கு அதுவே பரிந்துரையாகிவிடும். "வட்டார வழக்கு அதிகம், பாதி புரியவில்லை" என்பதும் அப்படியே. கரிசல் காட்டுப் பேச்சையும் நாஞ்சில் நாட்டுப் பேச்சையும் காதால் கேட்டு வளர்ந்தவருக்கு அது குறையாகாது, இங்கே பள்ளியில் மட்டும் தமிழ் படித்த இளையருக்கோ அது மிக முக்கியமான எச்சரிக்கை.

மூன்றாம் படி: "எளிய நடை" என்பதை யார் சொல்கிறார் என்று பாருங்கள்

இந்த ஒரு சொற்றொடருக்குத் தனிப் படி ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குழுவுக்கு வரும் பெற்றோர்களில் பலர் ஏமாந்தது இதில்தான். தமிழகத்தில் வெளியான ஒரு சிறுவர் நாவலுக்கு வந்த மதிப்புரைகள் ஒவ்வொன்றிலும் "எளிய நடை, குழந்தைகளே படித்துவிடுவார்கள்" என்று இருந்ததை நம்பி, நானும் ஒரு காலத்தில் ஐந்து படிகள் வாங்கி உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஒருவர்கூட மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. மதிப்புரை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டிலும் தெருவிலும் கடையிலும் தமிழ் கேட்டு வளரும் ஒன்பது வயதுக் குழந்தையை மனத்தில் வைத்து எழுதினார்கள். இங்கே அதே வயதுப் பிள்ளை பெரும்பாலான பாடங்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தமிழைத் தாய்மொழிப் பாடமாகச் சில மணி நேரம் மட்டுமே படிக்கிறது. "அடுக்களை", "வாய்க்கால்", "களத்துமேடு" போன்ற சொற்கள் அங்கே கண்முன் உள்ள பொருள்கள். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வேண்டும்.

ஆகையால் சிங்கப்பூர்ப் பெற்றோர், மதிப்புரை குறிப்பிடும் வயதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளியே கணக்கிட வேண்டும் என்பது என் அனுபவம். அதைவிட நல்லது, "என் பிள்ளை தானே படித்தாள்" என்கிறாரா, "நான் படித்துக் காட்டினேன்" என்கிறாரா என்று கவனிப்பது. அதனினும் நல்லது, உள்ளூர்த் தமிழாசிரியர் ஒருவரிடமோ, அதே வகுப்பில் பிள்ளை படிக்கும் இன்னொரு பெற்றோரிடமோ கேட்பது. இந்த விஷயத்தில் இணையத்தின் நூறு மதிப்புரைகளைவிட அவர்களுடைய ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம்.

நான்காம் படி: நட்சத்திரங்களைக் கணக்காகப் பாருங்கள்

நட்சத்திரம் எல்லா இடத்திலும் ஒரே அளவுகோல் அன்று. வாசகர்கள் நூல்களை மதிப்பிட்டு எழுதும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு நட்சத்திரத்துக்கு அந்தத் தளமே தரும் பொருள் "பரவாயில்லை" என்பது. மூன்று என்றால் "பிடித்திருந்தது". அங்கே மூன்று கொடுத்தவர் புத்தகத்தைக் குறைசொல்லவில்லை. ஆனால் கடைத் தளங்களில் பொருள் வாங்கிப் பழகிய நம் கண்ணுக்கு மூன்று என்பது தோல்வி போலத் தெரிகிறது.

அடுத்து, எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதைப் பார்க்காமல் சராசரியைப் பார்க்கவே கூடாது. ஐந்து பேர் ஐந்தைந்து நட்சத்திரம் கொடுத்த நூலின் சராசரி 5.0. ஆறாவதாக ஒருவர் ஒன்று கொடுத்தால் அது 4.33 ஆகிவிடும். ஒரே ஒருவரின் மனநிலை இவ்வளவு ஆட்டிவைக்கும் எண்ணை எதற்கும் ஆதாரமாகக் கொள்ள முடியாது. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். போதாக்குறைக்கு, ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்தில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்ட பெயர்களில் வேறு பதிவுகளாகவும் சிதறிக் கிடக்கும். பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடிப் பார்த்தால் கூடுதல் மதிப்புரைகள் கிடைக்கும்.

சராசரி காலப்போக்கில் நகர்வதையும் அறிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அமேசானில் வந்த புத்தக மதிப்புரைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, தொடக்கத்தில் எழுதுபவர்கள் அந்த எழுத்தாளரை ஏற்கெனவே விரும்புபவர்களாக இருப்பதால் ஆரம்ப மதிப்பீடுகள் உயர்ந்தும் பிறகு தாழ்ந்தும் போகின்றன என்று காட்டியது. விருதுக்கும் இதுபோன்ற விளைவு உண்டு. 2014-இல் வெளியான வேறோர் ஆய்வு, விருது பெற்ற ஆங்கில நூல்களையும், இறுதிப் பட்டியல்வரை வந்து விருதைத் தவறவிட்ட நூல்களையும் இணையிணையாக வைத்து, குட்ரீட்ஸில் வந்த 38,000-க்கும் மேற்பட்ட மதிப்புரைகளை ஒப்பிட்டது. விருது அறிவிக்கப்பட்ட பிறகு, வென்ற நூல்களின் மதிப்பீடு குறைந்திருந்தது. விருதின் பெயரால் ஈர்க்கப்பட்டு, அந்த வகை எழுத்தில் நாட்டமில்லாதவர்களும் வாசிக்க வந்ததே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டனர். சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்ற ஒரு தமிழ்த் தொகுப்பைப் பற்றி "இதற்கா பரிசு?" என்று யாரேனும் எழுதியிருப்பதைக் காணும்போது, எழுதியவர் அந்த நூலை எதற்காகத் திறந்தார் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: எழுதியவருக்கும் நூலாசிரியருக்கும் உள்ள தூரத்தை அளவிடுங்கள்

நம்முடையது சிறிய சமூகம். உள்ளூரில் ஒரு நூல் வெளியீடு நடந்தால், மேடையில் நூலைப் பற்றிப் பேசுபவர், முன்வரிசையில் அமர்ந்திருப்பவர், மறுநாள் ஃபேஸ்புக்கில் எழுதுபவர் ஆகிய மூவரும் நூலாசிரியரை நேரில் அறிந்தவர்களாக இருப்பது இயல்பு. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த அன்பும் ஊக்கமும் இல்லாவிட்டால் இங்கே தமிழில் நூல்கள் வெளிவருவதே அரிதாகிவிடும். ஆனால் வெளியீட்டு உரை வேறு, வாங்கலாமா என்று கேட்பவருக்கான ஆலோசனை வேறு என்பதைப் புதியவர் அறிந்திருக்க வேண்டும்.

நம் மரபு இதை மறைத்ததே இல்லை. நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் முன்னுரைப் பாட்டு, பாடத் தகுந்தவர் யார் யார் என்று சொல்லும் இலக்கண நூலான நன்னூல், "தன்னா சிரியன் தன்னொடு கற்றோன் தன்மா ணாக்கன் தகும்உரை காரன்" என்று வரிசைப்படுத்துகிறது. எல்லாருமே நூலாசிரியருக்கு நெருக்கமானவர்கள். அதற்கு அடுத்த நூற்பா, எவ்வளவு திறம்பட நூல் செய்தாலும் "தான்தற் புகழ்தல் தகுதி யன்றே" என்கிறது. தன்னைத் தானே புகழக்கூடாது என்பதால், தன்னை அறிந்தவர் அந்தக் கடமையைச் செய்தனர். இன்றைய அணிந்துரையும் வாழ்த்துரையும் பின்னட்டைக் குறிப்பும் இந்தப் பாயிரத்தின் வழிவந்தவை. அவற்றைப் படிக்கலாம், நூல் எதைப் பற்றியது, ஆசிரியரின் பின்னணி என்ன என்பதற்கு அவை நல்ல ஆதாரம். தரத்துக்கு அவற்றைச் சாட்சியாக வைக்கக்கூடாது.

நெருங்கியவர்கள் எழுதுவதிலும் வாசிக்கத் தெரிந்தால் செய்தி உண்டு. "நல்ல முயற்சி", "வரவேற்கத்தக்க தொடக்கம்" என்ற சொற்கள் பெரும்பாலும் நூல் இன்னும் முதிரவில்லை என்பதன் கனிவான வடிவம். ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றிய நீண்ட பதிவில் கதைகளின் பெயர் ஒன்றுகூட வராமல், ஆசிரியரின் சமூகத் தொண்டு மட்டும் பேசப்பட்டிருந்தால், எழுதியவர் எதைச் சொல்லத் தயங்கினார் என்பது விளங்கும். மாறாக, "மூன்றாவது கதையின் முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை" என்று நண்பரே எழுதியிருந்தால், அவர் சொல்லும் பாராட்டையும் நம்பலாம். உறவு கெடும் அபாயத்தை ஏற்றுக்கொண்டு எழுதியவர் அவர்.

ஆறாம் படி: போலிகளை அடையாளம் காணுங்கள், ஆனால் அதிலேயே மூழ்கிவிடாதீர்கள்

போலி மதிப்புரை புதிய நோயன்று. 2004-ஆம் ஆண்டில் அமேசானின் கனடாத் தளத்தில் நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறினால் மதிப்புரையாளர்கள் சிலரின் உண்மைப் பெயர்கள் வெளியே தெரிந்தபோது, எழுத்தாளர்கள் சிலர் தங்கள் நூல்களைத் தாங்களே புகழ்ந்திருந்தது அம்பலமானது. எதிர்த்திசையிலும் நடக்கும். 2023 ஜூனில், ரஷ்யாவைக் களமாகக் கொண்டிருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, இன்னும் அச்சுக்கே போகாத ஓர் ஆங்கில நாவலுக்கு குட்ரீட்ஸில் நூற்றுக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள்; ஆசிரியர் வெளியீட்டையே தள்ளிவைத்தார். வெளிவராத நூலையும் அங்கே மதிப்பிட முடியும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரிலும், கார் பராமரிப்பு நிறுவனம் ஒன்று பதிவிட்ட போலி ஐந்து நட்சத்திர மதிப்புரைகளுக்காகப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அதே 2024-இல் நடவடிக்கை எடுத்தது.

புத்தகத்தைப் பொறுத்தவரை சில அடையாளங்கள் போதும். வெளியான சில நாளுக்குள் குவிந்து பிறகு நின்றுபோன பாராட்டுகள், ஒரே நூலுக்கு மட்டும் எழுதிவிட்டு வேறு எதையும் எழுதாத கணக்குகள், பின்னட்டை வாசகமே திரும்ப வருதல், உள்ளடக்கத்தைத் தொடாத மிகைச்சொற்கள் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் ஒதுக்கிவிடுங்கள். ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தால் ஒதுக்க வேண்டாம். முதல்முறையாக எழுதத் துணிந்த உண்மையான வாசகரின் கணக்கிலும் ஒரே ஒரு மதிப்புரைதான் இருக்கும். இலவசப் படி பெற்று எழுதுவது தன்னளவில் தவறன்று. அமேசான் 2016-இல் சன்மானம் பெற்று எழுதும் மதிப்புரைகளைத் தடைசெய்தபோதும், முன்படி கொடுத்துக் கருத்துப் பெறும் பழைய பதிப்புலக வழக்கத்துக்கு விலக்கு அளித்தது. படி பெற்றதை வெளிப்படையாகச் சொல்கிறாரா என்பதே பார்க்க வேண்டியது.

ஏழாம் படி: உங்களுக்கான வாசகர்கள் மூவரைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நீங்கள் ஏற்கெனவே வாசித்து, உங்கள் மனத்தில் உறுதியான கருத்து உருவாகிவிட்ட ஐந்து புத்தகங்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மிகவும் பிடித்தவையாகவும், இரண்டு பிடிக்காதவையாகவும், ஒன்று ஊரே கொண்டாடியும் உங்களுக்கு ஒட்டாததாகவும் இருக்கட்டும். அந்த ஐந்துக்கும் வந்த மதிப்புரைகளை நிதானமாகப் படியுங்கள். உங்களுக்குப் பிடித்த நூலில், நீங்கள் நின்று ரசித்த அதே இடத்தைக் குறிப்பிட்டு ஒருவர் எழுதியிருப்பார். முடிவு ஒத்துப்போவதைவிட, காரணம் ஒத்துப்போவதே முக்கியம். அப்படி ஒருவர் கிடைத்தால், அவர் எழுதிய மற்ற மதிப்புரைகளைத் தேடிச் செல்லுங்கள்.

மூவர் போதும் என்பதோடு, அந்த மூவரில் ஒருவர் உங்களோடு எப்போதும் முரண்படுபவராக இருப்பது நன்று. எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். மெதுவாக நகரும் எந்த நாவலையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. "தம்பி, அறுபது பக்கத்துக்கு மழையே பெய்துகொண்டிருக்கிறது, எனக்கு ஆகவில்லை" என்று அவர் ஒரு புத்தகத்தைத் திருப்பித் தந்த மறுநாளே நான் அதை இரவல் பெற்றேன். அவருடைய வாசிப்பு ஒருபோதும் மாறாத அளவுகோல் என்பதால், அவர் தரும் தகவலை என் தேவைக்கு ஏற்பத் திருப்பிப் படித்துக்கொள்ள முடிகிறது. நிலையாக முரண்படும் ஒருவர், எல்லாவற்றையும் பாராட்டும் பத்துப் பேரைவிட உதவியானவர்.

இத்தகைய வாசகர்களை இணையத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை. நூலகங்களில் நடக்கும் வாசகர் வட்டச் சந்திப்புகள், ஏப்ரலில் நடைபெறும் தமிழ் மொழி விழா நிகழ்ச்சிகள் முதலியவற்றில் ஒருவர் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியும், "உங்களுக்கு எந்தப் பக்கத்தில் பிடிக்கத் தொடங்கியது?" என்ற ஒரு கேள்வியே போதுமானது.

எட்டாம் படி: பணம் கொடுப்பதற்கு முன் பத்துப் பக்கம் படியுங்கள்

மதிப்புரைகளைக் கொண்டு பட்டியலை மூன்று நான்கு நூல்களாகச் சுருக்கிய பிறகு, அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. தேசிய நூலக வாரியத்தின் இணையப் பட்டியலில் நூலின் பெயரைத் தேடினால், எந்தக் கிளையில் படி இருக்கிறது என்று தெரியும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பியம் இலவசம். மூன்று வாரம் வைத்திருக்கலாம். இரவல் தரப்படாத நூலானால், விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே அமர்ந்து வாசிக்கலாம். உள்ளூர்ப் படைப்புகளைத் தேடுபவருக்கு இன்னொரு நல்வாய்ப்பு உண்டு: 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பலவற்றைப் பொன்விழா ஆண்டில் மின்வடிவமாக்கி நூலக வாரியத்தின் வழியாக வெளியிட்டிருக்கிறார்கள்.

முதல் ஐந்து பக்கத்தை எல்லா எழுத்தாளரும் கவனமாகச் செதுக்குவார்கள். ஆகவே நடுவிலிருந்தும் ஐந்து பக்கம் படியுங்கள். வாய்விட்டுப் படிக்கக் கூடுமானால், பிள்ளைகளுக்கான நூல் என்றால் கட்டாயம் அப்படியே செய்யுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறது என்பது மதிப்புரையில் தெரியாது.

ஒன்பதாம் படி: வாசித்த பின் திரும்பிச் சென்று சரிபாருங்கள்

பலரும் இதைச் செய்வதில்லை. புத்தகத்தை முடித்ததும், உங்களை வாங்கத் தூண்டிய மதிப்புரையை மீண்டும் திறந்து, அதில் சொல்லப்பட்டவற்றில் எவை உங்களுக்கும் நேர்ந்தன, எவை நேரவில்லை என்று பாருங்கள். பிறகு ஒரு சிறிய குறிப்பேட்டில் நூலின் பெயர், வாசித்து முடித்த மாதம், எந்தப் பக்கத்தில் ஈடுபாடு பிறந்தது அல்லது போனது, யாருடைய சொல்லை நம்பி வாங்கினீர்கள் என்பவற்றை எழுதிவையுங்கள். என் குறிப்பேட்டில் அந்தக் கடைசி விவரத்தின் பக்கத்தில் ஒரு சிறு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இடுவேன். ஒரே பெயருக்கு மூன்று கூட்டல் குறிகள் சேர்ந்துவிட்டால், அவர் அடுத்துப் பரிந்துரைக்கும் நூலை நடுப்பக்கம் பார்க்காமலேயே சென்னைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.